பிச்சைச் சம்பளமா, உரிமைப் பங்கா?



நமது ஊர்களிலே நெடுங்காலமாக ஒரு சொல் வழங்கி வருகிறது. ஆதரவற்ற முதியவருக்கும், கணவனை இழந்த பெண்ணுக்கும், உழைக்க முடியாத நோயாளிக்கும் அரசாங்கம் மாதந்தோறும் கொடுத்துவந்த சிறு தொகையை நாம் 'பிச்சைச் சம்பளம்' என்று அழைத்து வந்திருக்கிறோம். அரசாங்கப் பத்திரங்களிலே அதற்குப் 'பொதுசன உதவிப்பணம்' என்ற கண்ணியமான பெயர் உண்டு. ஆனால் தபாற்கந்தோர் வாசலிலே வரிசையில் நின்ற மூதாட்டியைப் பார்த்து நாம் சொன்ன பெயர் அதுவன்று.

அதே திறைசேரியிலிருந்து, முப்பது ஆண்டுகள் கந்தோரிலே கடமையாற்றிய உத்தியோகத்தருக்கும் மாதந்தோறும் பணம் வருகிறது. அதற்கு ஓய்வூதியம் என்று பெயர். அதைப் பெறுவோர் தலைநிமிர்ந்து பெறுகின்றனர். அவ்வாறே பெறவும் வேண்டும். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கிணற்றடியிலே நீரிறைத்து, செம்மண்ணிலே முதுகு வளைந்து, நாட்டுக்கு வெங்காயமும் மிளகாயும் விளைவித்தவருக்கு முதுமையிலே கிடைப்பது மட்டும் பிச்சை என்று பெயர் பெற்றது எவ்வாறு? ஒரே பெட்டகத்திலிருந்து எடுத்த இரண்டு நாணயங்களில் ஒன்று ஊதியமாகவும் மற்றொன்று பிச்சையாகவும் மாறியது எந்த நியாயத்தின்படி? இக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய நமது உரையின் நோக்கமாகும்.

கூப்பன் புத்தகம் கற்பித்த பாடம்

1939 ஆம் ஆண்டிலே இலங்கையில் வறியோர் சட்டம் பிறந்தது. இங்கிலாந்தின் பழைய சட்டத்தை அடியொற்றி எழுந்த அது, கொழும்பு, கண்டி, காலி என்னும் மூன்று மாநகரங்களோடு நின்றுவிட்டது. கிராமத்து வறியவனைக் கிராமமே பார்த்துக்கொள்ளும் என்று ஆட்சியாளர் கருதினர் போலும்.

கிராமம் பார்த்துக்கொள்ளாமல் இல்லை. கோயில் மடத்திலே கஞ்சி இருந்தது. காணிக்காரர் வீட்டுக் களஞ்சியத்திலே நெல் இருந்தது. மரணம் நேர்ந்த வீட்டுக்கு அயலார் அரிசியும் காய்கறியும் கொண்டு சென்றனர். இவற்றையெல்லாம் நாம் இகழ்ந்து பேசவில்லை. ஆனால் உண்மையை மறைக்கவும் கூடாது. காணிக்காரரிடம் நெல் வாங்கிய குடும்பம், அவர் வளவிலே கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. தன் பிள்ளையையும் அவ்வாறே நிற்கப் பழக்க வேண்டியிருந்தது. சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு உதவியும் அடிமைத்தனமும் ஒரே கடகத்திலே வைத்து வழங்கப்பட்டன. கொடுத்தவர் மனம் இரங்கினால் சோறு. கோபங் கொண்டால் பட்டினி. இதற்கு 'தருமம்' என்று பெயர் சூட்டி நாம் மனநிறைவு அடைந்தோம்.

இந்நிலையை அசைத்தது ஓர் உலக யுத்தம். பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி தடைப்பட்டபோது, 1942 ஆம் ஆண்டிலே இலங்கையில் அரிசிப் பங்கீடு ஆரம்பமாயிற்று. ஊருக்கு ஊர் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகின. 'சங்கக்கடை' என்ற சொல் நமது பேச்சிலே நிலைபெற்ற காலம் அதுவே. வக்கீல் வீட்டுக்கும் கூப்பன் புத்தகம் வந்தது. கூலியாள் வீட்டுக்கும் கூப்பன் புத்தகம் வந்தது. ஒருவரின் தயவை எதிர்பார்த்து மற்றொருவர் முற்றத்திலே நிற்கும் தேவை சிறிதளவேனும் குறைந்தது. அதே 1942 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் பெவரிட்ஜ் பிரபு தமது புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார் என்பதையும் ஈண்டு நினைவூட்டுகிறோம். நோய், முதுமை, வேலையின்மை ஆகியவற்றிலிருந்து குடிமக்களைக் காப்பது அரசின் கடமை என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றிய காலம் அது. மூன்றாண்டுகளின் பின்னர், 1945 இலே, கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வியும் நமக்குக் கிட்டியது. இன்று இம்மண்டபத்திலே அமர்ந்திருக்கும் வைத்தியர்களிலும் பொறியியலாளர்களிலும் எத்தனை பேர் அந்தக் கல்வியின் பிள்ளைகள்! அதை எவரும் பிச்சைக் கல்வி என்று அழைப்பதில்லை.

ஒரு நாளில் வெட்டுவதும் சிறுகச் சிறுகக் கரைப்பதும்

அரிசி மானியம் அரசாங்கத்துக்குப் பெருஞ்சுமையாக இருந்தது என்பது உண்மை. கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை விழுந்தது. வெளிநாட்டு அரிசியின் விலையோ உயர்ந்து நின்றது. 1953 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, டட்லி சேனநாயக்கா அவர்கள் பிரதம மந்திரியாகவும் ஜே. ஆர். ஜயவர்த்தனா அவர்கள் நிதி மந்திரியாகவும் இருந்த வேளையில், பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடு ஹர்த்தாலிலே மூழ்கியது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் பலியாயின. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூட வேண்டிய நிலை வந்தது. இரண்டு மாதங்களுக்குள் பிரதம மந்திரி பதவி துறந்தார். 1962 இலே அரிசிப் பங்கைக் குறைக்க முயன்ற பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா அவர்களும் தமது கட்சிக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பினால் நிதி மந்திரிப் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

இவற்றிலிருந்து ஆட்சியாளர் என்ன பாடம் கற்றனர்? வறியவரின் உணவிலே கை வைக்கலாகாது என்ற பாடத்தையா? இல்லை. ஓசை எழாமல் கை வைக்க வேண்டும் என்ற பாடத்தையே கற்றனர்.

1978 இலே, மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பங்கீட்டிலிருந்து நீக்கப்பட்டன. சம்பளப் பட்டியல் உள்ளவரின் வருமானத்தைக் கந்தோர் அறியும். தோட்டம் செய்பவரின் வருமானத்தை யார் அறிவார்? விதானையார் எழுதியதே கணக்கு என்றாயிற்று. 1979 செப்ரெம்பரிலே பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முன்னர் கிடைத்தது இத்தனை கொத்து அரிசி என்ற பொருள். இப்போது கிடைத்தது இத்தனை ரூபா என்ற எழுத்து. அரிசியின் விலை ஏறியது; முத்திரையின் பெறுமதியோ நின்ற இடத்திலேயே நின்றது. சில ஆண்டுகளுக்குள் அதன் உண்மைப் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. மிக வறிய மக்களின் உணவு குறைந்ததைப் பின்னர் நடந்த ஆய்வுகள் எடுத்துக் காட்டின.

இம்முறை ஹர்த்தால் இல்லை. துப்பாக்கிச் சூடு இல்லை. பதவி துறந்த மந்திரியும் இல்லை. ஒரே நாளில் 45 சதம் ஏற்றினால் மக்கள் வீதிக்கு வருவர். மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கரைந்தால், எந்த நாளில் எதிர்த்து எழுவது என்று அவர்களுக்கே தெரியாது. நலத்திட்டச் சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நாம் முதலிலே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: விலை ஏறும்போது இத்தொகையும் ஏறுமா? ஏறாதாயின், அது சீர்திருத்தமன்று. தவணை முறையில் நடக்கும் வெட்டேயாகும்.

குடாநாடு கண்ட இரண்டு காலங்கள்

சகோதரர்களே, 1970 களின் முற்பகுதியை நினைத்துப் பாருங்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கோப்பாய், உரும்பிராய், புத்தூர், அச்சுவேலி முதலிய ஊர்களின் செம்மண் பொன்னாக மாறியது. கல்வீடுகள் எழுந்தன. நீரிறைக்கும் இயந்திரங்கள் முழங்கின. அக்காலத்திலே நமது கமக்காரருக்கு அரசாங்கத்தின் சிறந்த உதவி நியாயமான விலையே. 1977 இலே புதிய அரசாங்கம் வந்து கதவுகளைத் திறந்து விட்டது. வெளிநாட்டு மிளகாய் கப்பலிலே வந்திறங்கியபோது, நமது மிளகாய்ச் சாக்கு சந்தையிலே விலைபோகாமல் நின்றது.

இதிலே இரண்டு உண்மைகள் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது. விளைவிப்பவனுக்கு விலைதான் முதற் காப்பு என்பது முதலாவது உண்மை. ஆனால் நமது தோட்டங்கள் செழித்த அதே ஆண்டுகளில், நாட்டின் ஏனைய பகுதிகளிலே பாணுக்கு வரிசையில் நின்ற மக்களும், மலையகத் தோட்டங்களிலே உணவின்றி வாடிய நமது தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர் என்பது இரண்டாவது உண்மை. ஒருவனைக் காக்கும் விலை இன்னொருவனை வாட்டக்கூடும். ஆகவேதான் நியாய விலையும் வேண்டும். அவ்விலையைக் கொடுக்க இயலாதவனுக்கு உதவியும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பவர், இரண்டு மாடு பூட்ட வேண்டிய வண்டியிலே ஒன்றைப் பூட்டி ஓட்டச் சொல்பவரேயாவர்.

அடுத்து வந்த காலத்தை நாம் விவரிக்கத் தேவையில்லை. 1990 இலிருந்து பொருளாதாரத் தடை. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. வைத்தியரும், ஆசிரியரும், பத்துப் பரப்புத் தோட்டம் வைத்திருந்தவரும், அத்தோட்டத்திலே கூலி செய்தவரும் நிவாரண அரிசிக்காக ஒரே வரிசையிலே நின்றனர். கையிலே நகை இருந்தது, வாங்குவார் இல்லை. வங்கியிலே பணம் இருந்தது, எடுக்க வழியில்லை. உறுதியிலே காணி இருந்தது, மிதிக்க முடியவில்லை. வலிகாமம் வடக்கிலே அந்தக் காணிகளுக்காகப் பலர் தசாப்தங்கள் காத்திருந்தனர்.

வறுமை சோம்பேறியின் வீட்டுக்கு மட்டுமே வரும் விருந்தாளி என்று இன்றும் சொல்வோர் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் பணிவோடு நினைவூட்டுவது இதுதான்: அந்த வரிசையிலே நின்றவர்களில் யார் சோம்பேறி? உலகத்தில் வேறு மக்கள் நூல்களைப் படித்து அறிந்துகொண்ட ஓர் உண்மையை நாம் நடந்து அறிந்தோம். இன்று கொடுப்பவன் நாளை பெறுபவன் ஆகலாம். பொதுப்பணத்தால் அமைந்த காப்பு என்பது யாரோ ஒரு தாழ்ந்தவனுக்கு யாரோ ஓர் உயர்ந்தவன் எறியும் காசன்று; எல்லோரும் சேர்ந்து, யாருக்கு எப்போது வேண்டுமோ என்று கட்டிவைத்த பொதுக் களஞ்சியமேயாகும். ஊர்தோறும் நாம் நடத்தும் மரண சகாய நிதிச் சங்கங்களை எண்ணிப் பாருங்கள். சாவு வீட்டார் சங்கத்திலிருந்து பணம் பெறுவதைப் பிச்சை என்று யாராவது சொல்வதுண்டா? எல்லோரும் கட்டிய பணம். இன்று அவர் வீட்டில் துக்கம். ஆகவே அவர் பெறுகிறார். அரசாங்கத்தின் உதவியும் அதே தத்துவத்தின்மேல் நிற்பதேயாம்.

"வரி கட்டுபவர் நாங்கள், வாங்குபவர் அவர்கள்" என்று கற்றோரிற் சிலர் கூறுவதையும் கேட்டிருக்கிறோம். 2024 சனவரியிலே பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்ந்தது. சவர்க்காரம் வாங்கும் கூலிப்பெண்ணும் அவ்வரியைக் கட்டுகிறாள். வருமான வரிப் பத்திரம் நிரப்பாதவர் வரி கட்டாதவர் என்று எண்ணுவது பெருந் தவறு.

வேண்டுவது மூன்று மருந்து

1989 இலே பிரேமதாசா அவர்களின் ஜனசவிய வந்தது. குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா. அதிலே 1,458 ரூபா நுகர்வுக்கு, மீதி 1,042 ரூபா சேமிப்புக்கு. 24 மாதங்களிலே குடும்பம் தன் காலில் நிற்கும் என்பது திட்டம். எண்ணம் உயர்ந்ததே. ஆனால் 24 மாதம் என்று நாட்காட்டியிலே குறித்தால் வறுமை அந்நாளிலே மூட்டை கட்டிப் புறப்படுவதில்லை. 1995 இலே சமுர்த்தி வந்தது. யுத்தத்தினால் அது நமது பகுதிக்குப் பிந்தியே வந்து சேர்ந்தது. பெயர்ப்பட்டியலிலே அரசியற் செல்வாக்குப் புகுந்தது என்பதும், உரியவருக்குக் கிட்டாமல் உரியரல்லாதாருக்குக் கிட்டியது என்பதும் நாடெங்கும் எழுந்த முறைப்பாடுகள்.

2022 ஏப்ரலிலே நாடு கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டிலே இரசாயன உரத்துக்கு விதித்த தடை கமக்காரரின் முதுகை ஏற்கெனவே முறித்திருந்தது. 2019 இலே நூற்றுக்குப் பதினொருவர் அளவில் இருந்த வறியோர் தொகை, நெருக்கடியின் பின்னர் நாட்டு மக்களிற் கால்வாசியாயிற்று என உலக வங்கி கணித்தது. 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியத்தின் உடன்படிக்கை வந்தது. அவ்வாண்டு யூலையிலே, 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது.

கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளிலே 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளி இடுவது இத்திட்டத்தின் முறை. நான்கு வகுப்புகள் வகுக்கப்பட்டு, தொடக்கத்திலே 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை மாதக் கொடுப்பனவு குறிக்கப்பட்டது. 2025 சனவரியிலிருந்து வறியோருக்கான 8,500 ரூபா 10,000 ஆகவும், மிக வறியோருக்கான 15,000 ரூபா 17,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. பணம் நேரே வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. அரசியல்வாதியின் கடிதத்தை நாடாமல், எழுதிவைத்த விதியின்படி தெரிவு நடக்க வேண்டும் என்ற நோக்கத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் முதற் பட்டியல் வெளிவந்தவுடன் பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன என்பதையும் மறக்கலாகாது.

காரணம் என்ன? குடாநாட்டு வாழ்வை வைத்தே பார்ப்போம். நமது வழக்கப்படி பெண்ணுக்குச் சீதனமாக வீடு எழுதப்படும். யுத்தத்திலே கணவனை இழந்தவள் அவ்வீட்டிலே தனியே பிள்ளைகளை வளர்க்கிறாள். வீடு கல்வீடு, அடுப்பிலோ நெருப்பில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்திலே ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் வீடு கட்டியவரின் கதையும் இதுவே. சீமெந்துச் சுவரைக் கண்டு புள்ளி இடும் கணக்கு, சுவருக்குள்ளிருக்கும் வெறும் பானையைக் காணாது. வெங்காயம் செய்பவரின் நிலை இன்னும் விசித்திரமானது. தைமாதம் கணக்கெடுத்தால் அவர் கடனாளி. அறுவடை வேளையிலே கணக்கெடுத்தால் கையிலே பணம். அதற்கடுத்த மழையிலே பாத்தி அழுகினால் மீண்டும் கடனாளி. ஒரு நாள் எடுத்த நிழற்படத்தைக் கொண்டு மூன்றாண்டு வாழ்வைத் தீர்மானிக்க முடியுமா?

நமது கருத்திலே, உதவி வேண்டுவோர் மூவகையினர். உழைக்க முடியாதவர் முதல்வகை: முதியோர், மாற்றுத்திறனாளர், தீரா நோயாளர். இவர்களைப் பார்த்து, மூன்றாண்டிலே வறுமையை விட்டு வெளியேறுக என்று சொல்வது கேலிக்கூத்து. எண்பது வயது மூதாட்டி எங்கே வெளியேறுவாள்? இவர்களுக்கு வேண்டியது ஆயுள் முழுவதும் தளராத உதவி.

உழைப்பவர், ஆனால் திடீர் அடி வாங்கியவர் இரண்டாம் வகை: வெள்ளம், வறட்சி, விலை வீழ்ச்சி, குடும்பத் தலைவரின் மரணம். இவர்களுக்கு வேண்டியது விரைவு. ஆறு மாதம் கழித்து வரும் உதவி, மழை ஓய்ந்த பின் விரித்த குடை. அந்த ஆறு மாதத்திலே அவர்கள் நுண்கடன்காரரின் வாசலுக்குச் சென்றுவிடுகின்றனர். 2018 இலே வறட்சி கண்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. உரிய நேரத்திலே சிறிது உதவாதவர், பிந்திப் பெரிதாகக் கொடுக்க நேர்ந்ததற்கு இது சான்று.

ஆண்டு முழுவதும் உழைத்தும் வறியவராகவே இருப்பவர் மூன்றாம் வகை. இவர்களுக்குக் கொடுப்பனவு மட்டும் போதாது. காணி, நீர், நியாய விலை, குறைந்த வட்டிக் கடன், பயிர்க் காப்புறுதி, தொழிற்பயிற்சி ஆகியன வேண்டும். இம்மூவருக்கும் ஒரே படிவம், ஒரே புள்ளி, ஒரே மருந்து என்றால், வைத்தியர்களே, நீங்கள் அதனை ஏற்பீர்களா?

சோம்பேறித்தனம் பற்றிய அச்சத்துக்கும் விடை கூற வேண்டும். வறிய குடும்பத்துக்குக் குறித்த 10,000 ரூபா, தோட்டக் கூலியாள் ஒரு வாரத்திலே உழைக்கக்கூடிய தொகைதான். ஒரு வாரக் கூலிக்காக மூன்று வாரக் கூலியை விடும் அளவுக்குக் கணக்கறியாதவர் நமது மக்கள் அல்லர். மெய்யான ஆபத்து வேறிடத்தில் உண்டு. சிறிது வருமானம் கூடியவுடன் உதவி முழுவதும் அறுந்துவிடும் என்றால், மகன் கடையிலே வேலைக்குச் சேர்ந்ததைத் தாய் மறைப்பாள். அது அவள் குற்றமன்று; விதியின் குற்றம். வருமானம் ஏற ஏற உதவி படிப்படியாகக் குறைதல் வேண்டும்.

கமக்காரரின் முதுமைக்கு யார் பொறுப்பு?

1958 ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி பிறந்தது. தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12. நல்ல ஏற்பாடு. ஆனால் தன் தோட்டத்திலே தானே முதலாளியாயும் தானே கூலியாயும் இருப்பவனுக்கு இதில் இடமில்லை. அவனுக்காக 1987 இலே விவசாயிகள் ஓய்வூதியச் சட்டம் வந்தது. கமக்காரர் நம்பிப் பணம் கட்டினர். 2012 அளவிலே நிதி வற்றிக் கொடுப்பனவு நின்றது. 2014 இலேதான் மீண்டும் தொடங்கியது. இளமையிலே கட்டிய பணத்துக்கு முதுமையிலே கதவடைப்பு என்றால், அடுத்த தலைமுறை ஏன் கட்டும்? அரச ஊழியரின் ஓய்வூதியம் ஒரு மாதம் தவறினால் நாடே கொந்தளிக்கும். கமக்காரரின் ஓய்வூதியம் பல மாதம் நின்றபோது எழுந்த குரல் எவ்வளவு? இதைக் கற்றோராகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் வலியுறுத்துவன இவை. முதலாவதாக, கொடுப்பனவுகள் விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர்தல் வேண்டும். 1979 இன் கதை மீளலாகாது. இரண்டாவதாக, பெயர்ப்பதிவு எந்நாளும் திறந்திருத்தல் வேண்டும். புள்ளி இட்ட காரணம் குடும்பத்துக்குத் தமிழிலே எழுத்தில் கொடுக்கப்படல் வேண்டும். மேன்முறையீட்டுக்குக் காலக்கெடுவோடு விடை வேண்டும். மூன்றாவதாக, கமநல சேவை நிலையங்களின் பயிர்ச்சேத விபரம் நலன்புரிப் பதிவோடு இணைக்கப்பட்டு, சேதம் நேர்ந்த பருவத்திலேயே உதவி கிட்டுதல் வேண்டும். நான்காவதாக, கமக்காரர், மீனவர், சீவல் தொழிலாளர், நாட்கூலியாளர் ஆகியோரின் முதுமைக்கு, திறைசேரி பொறுப்பேற்கும் அடிப்படை ஓய்வூதியம் வேண்டும். ஐந்தாவதாக, குடாநாட்டு அறுவடைக் காலத்திலே வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதித் தீர்வை முன்கூட்டியே அறிவிக்கப்படல் வேண்டும்.

கல்வி, வைத்தியம், பள்ளி உணவு ஆகிய மூன்றும் எல்லோருக்கும் பொதுவாகவே இருத்தல் வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். வறியவருக்கு மட்டும் என்று ஒதுக்கிய வைத்தியசாலை விரைவிலே வறிய வைத்தியசாலையாகிவிடும். 1997 இலே இந்திய மத்திய அரசு நியாயவிலை அரிசியை வறியோருக்கென மட்டுப்படுத்தியபோது, தமிழ்நாடு அதை எல்லோருக்கும் உரியதாகவே வைத்துக்கொண்டது. நடுத்தர வகுப்பாரும் வந்து நிற்கும் கடையிலே அளவு குறைந்தால் கேட்பதற்கு நாவுண்டு. அரசாங்கத்துக்கு எல்லையற்ற செல்வம் இல்லை என்பதையும் நாம் அறிவோம். ஆகவேதான் பொதுவானவற்றைப் பொதுவாகவும், பணக் கொடுப்பனவை வேண்டியவருக்கும் என்று பிரித்துச் சொல்கிறோம்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நமது கடமை முடியவில்லை. 1930 களிலே மூளாய் மக்கள் கூட்டுறவு வைத்தியசாலை கண்டனர். வீரசிங்கம் போன்றோர் கூட்டுறவு இயக்கத்தை ஊர்தோறும் வளர்த்தனர். அப்பரம்பரை நம்முடையது. வெளிநாடுகளிலுள்ள நமது உறவினர் அனுப்பும் பணம் பெரிது. ஆனால் வெளிநாட்டிலே ஒருவரும் இல்லாத வீடு எந்த ஊரிலும் உண்டு. அந்த வீட்டின் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஓர் ஆசிரியர், மேன்முறையீட்டை எழுதிக் கொடுக்க ஒரு சட்டத்தரணி, நோய்ச் சான்றிதழைத் தாமதியாமல் கொடுக்க ஒரு வைத்தியர், ஊருக்கு ஒரு மாலைப்பொழுது, சங்கக்கடை விறாந்தையிலே இருந்தால் போதும். காசு செலவில்லாத இத்தொண்டை அடுத்த மாதமே ஆரம்பிக்கலாம்.

இன்னொன்றையும் இன்றே செய்யலாம். 'பிச்சைச் சம்பளம்' என்ற சொல்லை நமது நாவிலிருந்து அகற்றுவோம். அப்பெயரைக் கேட்டுக் கூசித்தானே உரிமையுள்ள பலர் விண்ணப்பிக்காமலே வீட்டிலிருந்து வாடினர்? மண்ணைப் பொன்னாக்கியவர் தமது பங்கைப் பெறுகிறார் என்ற எண்ணம் நமக்கு வரட்டும். அவ்வெண்ணம் நமக்கு வந்த பின்னரே, அதை ஏற்குமாறு ஆட்சியாளரைக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.